பிழை என்று கழித்த வானம்

நான் நில அளவை செய்பவன். பதினெட்டு வருஷமாகச் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் முக்காலியில் ஜிபிஎஸ் கருவியை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு மார்ச் மாதம், அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பத்தில் கரைக்கோடு அளக்கும் வேலை வந்தது. ஓதம் இறங்கியிருக்கும் நேரம் பார்த்துத்தான் அளக்க வேண்டும். அன்றைக்கு அது இருட்டிய பிறகு வந்தது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் பேஸ் கருவியை ஒரு வீட்டு மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு, அளக்கும் இடத்துக்கெல்லாம் கூடவே எடுத்துப் போகும் ரோவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடந்துகொண்டிருந்தோம். கண்ட்ரோலர் திரையில் 'ஃபிக்ஸ்' என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. பச்சை என்றால் இரண்டு சென்டிமீட்டருக்குள் சரி என்று அர்த்தம். ஏழே முக்கால் மணிக்கு அது 'ஃப்ளோட்' என்று மாறியது. அரை மீட்டர் அங்கே இங்கே ஆடுகிறது, அளந்து பயனில்லை. கம்பம் பிடித்த பையன், "போச்சு சார்" என்றான்.

இது எங்களுக்குப் பழக்கம்தான். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், சூரியன் உக்கிரமாக இருக்கும் வருஷங்களில், பொழுது சாய்ந்ததும் தென்னிந்தியாவில் ஜிபிஎஸ் இப்படித்தான் தடுமாறும். காத்திருக்க வேண்டியதுதான். படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, வேலை நின்னுபோச்சா?"

"மேலே கலங்கியிருக்குண்ணே. சாட்டிலைட் சிக்னல் சரியா வரல."

"மேலேன்னா? மேகமே இல்லியே."

"மேகத்துக்கெல்லாம் ரொம்ப மேல. முந்நூறு கிலோமீட்டர்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அலை வந்துச்சே, அன்னிக்கும் மேல கலங்குச்சா?"

குப்பத்தில் 'அலை' என்று ஒருமையில் சொன்னால் 2004 டிசம்பர் 26. வேறு விளக்கம் தேவையில்லை.

கலங்கியது. அதை நிதானமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 'மேலே' என்னவென்று சொல்லிவிடுகிறேன். சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும், சூரியனின் புற ஊதாக் கதிர் காற்று அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுத்துவிடுகிறது. அப்படித் தனியாகத் திரியும் எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். 300 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி அவை மிக அடர்த்தியாக இருக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் ரேடியோ அலை இந்தக் கூட்டத்தைக் கடந்துதான் என் கருவிக்கு வந்து சேர வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் இரண்டு பேரை ஒரே நொடியில் உள்ளே விடுகிறோம். ஒருவர் கையை வீசிக்கொண்டு போகிறார், இன்னொருவர் இரண்டு பெரிய பைகளோடு போகிறார். மறுமுனையில் யார் எப்போது வெளியே வருகிறார் என்று மட்டும் பார்க்கிறோம். இரண்டு பேருக்கும் நடுவே எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று தெரிந்தால், தெருவுக்குள் எட்டிப் பார்க்காமலே உள்ளே எவ்வளவு கூட்டம் என்று சொல்லிவிடலாம். ஜிபிஎஸ் அப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1575.42 மெகாஹெர்ட்ஸ், 1227.60 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. அயனி மண்டலம் குறைந்த அலைவரிசையை அதிகம் தாமதப்படுத்தும். இரண்டும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து வழியில் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்குப் போடுகிறோம்.

எங்கள் தொழிலில் அந்தக் கணக்கைப் போடுவது ஒரே காரியத்துக்காக, கழிப்பதற்காக. நண்பகலில் இந்தத் தாமதம் பத்து மீட்டருக்கு மேல்கூடப் பிழை உண்டாக்கும். எனவே மென்பொருள் அதைக் கண்டுபிடித்து, கழித்து, தூக்கி எறிந்துவிடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர், "அயனோஸ்பியர் நமக்கு எதிரி" என்பார். நானும் அப்படியே நம்பியிருந்தேன். நாங்கள் தூக்கி எறியும் அந்த எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியவந்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணுக்குள் நிலநடுக்கம் இருக்கிறது. சுனாமியும் இருக்கிறது.

2004-இல் நான் டிப்ளமோ இரண்டாம் வருஷம். வீடு திருவல்லிக்கேணியில், ஐஸ் ஹவுஸுக்குப் பின்னால். அன்று ஞாயிறு, மார்கழி, பௌர்ணமி. காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி கிழிய ஆரம்பித்தது. சென்னையில் சூரியன் உதிக்கும் நேரமும் ஏறக்குறைய அதுவே. அம்மா கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தாள். அடுக்களைப் பலகையில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று ஒலித்தன. அம்மா எலி என்று நினைத்தாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒன்பது மணி வாக்கில் தெருவில் சத்தம். முழங்கால் வரை சேறோடு ஒருவர் ஓடிவந்து, "கடல் ரோட்டுக்கு வந்துடுச்சு" என்று கத்தினார். மெரினாவுக்குக் கிரிக்கெட் ஆடப் போன எங்கள் தெருப் பையன்களில் ஒருவன் அன்று திரும்பி வரவில்லை.

டம்ளர் ஆடியதற்கும் அந்த ஆள் கத்தியதற்கும் நடுவில் இரண்டரை மணி நேரம். இத்தனை வருஷம் கழித்தும் என்னை விடாத கணக்கு அது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். அந்த இரண்டரை மணி நேரம் வானத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது தெரியும்.

ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமத்ராவிலிருந்து அந்தமானின் வடக்கு வரைக்கும், கடலடி சில நிமிடங்களில் உடைந்து நகர்ந்தது. பல இடங்களில் அது மீட்டர் கணக்கில் மேலே எழும்பியது. மேலே இருந்த கடல்நீரும் அதோடு எழும்பியது. கடல்நீருக்கு மேலே இருப்பது காற்று. அதையும் தள்ளத்தானே வேண்டும்? ஒரு மாநிலத்தின் பரப்பில் ஒரு பிஸ்டனை மேலே அழுத்தியது போலக் காற்று அழுத்தப்பட்டது. அந்த அழுத்தம் ஒலியாக மேலே ஏறியது. காதுக்குக் கேட்காத ஒலி. ஒரு அதிர்வுக்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் மிகத் தாழ்ந்த ஒலி. வேகமான அதிர்வுகளைக் காற்றே வழியில் உறிஞ்சிவிடும், இந்த நிதானமானவை மட்டும்தான் உச்சிக்குப் போய்ச் சேரும். பத்து நிமிடத்துக்கு ஒட்டி அவை அயனி மண்டலத்தைத் தொட்டுவிடும். அதாவது, நான் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 6.40 மணி வாக்கில் சேதி மேலே போய்விட்டது.

அந்த ஒலி முதல் தூதர். இரண்டாவது தூதர் மெதுவானவர். அவரை அனுப்புவது சுனாமி அலையே. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆழ்கடலில் சுனாமியின் உயரம் மிகக் குறைவு. அன்று நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக இந்துமாக் கடலுக்கு மேலே கடந்து போனது. அது அளந்த அலையின் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். என் தொடை உயரம்கூட இல்லை. நடுக்கடலில் படகில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நம் மீனவர்கள் பலர் சொன்னதற்குக் காரணம் இது. வர்தா புயல் அடித்த 2016 டிசம்பரில் இதைவிடப் பல மடங்கு உயரமான அலைகளை நம் கரையிலேயே பார்த்தோம். ஆனால் புயல் அலை பத்துப் பன்னிரண்டு நொடிக்கு ஒன்று வரும். அது காற்றைத் தள்ளுவது கொஞ்ச உயரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். காற்றுக்கென்று ஒரு சொந்த ஆட்டம் உண்டு. ஒரு பிடி காற்றை மேலே தூக்கி விட்டால் அது தன் எடையால் கீழே வரும், தாண்டிப் போகும், மறுபடி மேலே வரும். ஊஞ்சல் மாதிரி. ஒரு ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் போல ஆகும். அதைவிட நிதானமாகத் தள்ளினால்தான் காற்று அந்தத் தள்ளுதலை வாங்கி அடுக்கடுக்காக மேலே அனுப்பும். சுனாமியின் ஒரு ஏற்ற இறக்கத்துக்குப் பத்து நிமிடம், இருபது நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். அகலமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். எனவே ஆளுயரப் புயல் அலை அனுப்ப முடியாத சேதியைத் தொடை உயரச் சுனாமி அனுப்பிவிடுகிறது.

அனுப்பியது தேய்ந்து போகாதா? போகாது, வளரும். மாட்டு வண்டிக்காரரின் சாட்டையைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை ஒரு சாண் அசைத்தால் போதும், நுனி காற்றைக் கிழித்துக்கொண்டு சொடுக்கும். கைப்பிடி கனம், நுனி நூல். கொடுத்த சக்தி அதேதான், சுமக்க வேண்டிய எடைதான் குறைந்துகொண்டே போகிறது. நம் காற்று மண்டலமும் அப்படி ஒரு சாட்டை. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். 300 கிலோமீட்டர் உயரத்தில் அதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே மேலே ஏற ஏற அசைவு பெருகி, பத்தாயிரம் மடங்குக்கும் மேலாகிறது. கடலில் அரை மீட்டர் எழுந்தது மேலே கிலோமீட்டர் கணக்கில் காற்றை ஏற்றி இறக்கும். அந்தக் காற்றோடு எலக்ட்ரான்களும் இழுபடும். ஜிபிஎஸ் கணக்கில் அது சின்ன நெளிவாகத் தெரியும்.

இந்த யோசனை புதியதல்ல. 1964 மார்ச் மாத அலாஸ்கா நிலநடுக்கம் 9.2 அளவு, அதன்பின் அயனி மண்டலம் கலங்கியதை அப்போதைய ரேடியோ கருவிகளிலேயே கண்டார்கள். சுனாமி கிளப்பும் காற்றலையை மேலே தேடிப் பிடித்து எச்சரிக்கைக்குப் பயன்படுத்தலாம் என்று கோலின் ஹைன்ஸ் என்ற விஞ்ஞானி 1972-இலேயே எழுதினார். 1972! நம் கடற்கரையில் அது வருவதற்கு 32 வருஷம் முன்பு. அதைப் படித்த அன்று நான் வேறெதுவும் செய்யவில்லை. அப்போது ஜிபிஎஸ் கிடையாது, கணினிகளின் வலிமையும் போதாது என்று அறிவு சொல்கிறது. மனசு கேட்கவில்லை.

அதற்கும் முன்னால் போனால், பூமி அதிர்ந்த பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்த ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். 1883 ஆகஸ்டில் கிராகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை உலகத்தைப் பல முறை சுற்றி வந்தது. அடுத்த மாதம் மதராஸில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துக் குறித்து வைத்தார். பின்னாளில் கொடைக்கானல் வான் ஆய்வகத்தை உருவாக்கியவர் அவரே. பச்சைச் சூரியன் அயனி மண்டல விஷயமில்லை, தூசியின் வேலை. ஆனாலும் அந்தப் பழக்கத்தை, கீழே ஏதோ நடந்தால் மேலே பார்க்கும் பழக்கத்தை, எனக்குப் பிடிக்கும்.

2011 மார்ச் 11-இல் ஜப்பானில் எல்லாம் மாறியது. அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையான ஜிபிஎஸ் கருவிகள் ஏற்கெனவே நட்டு வைத்திருந்தார்கள், நிலம் நகர்வதை அளப்பதற்காக. அவற்றின் 'பிழை'யைச் சேர்த்து வரைந்தபோது, குளத்தில் கல் எறிந்தது போல வட்டம் வட்டமாக அலைகள் வானத்தில் விரிந்திருந்தன. அதே இரவு ஹவாய்த் தீவுகளில் ஹலேயாகலா மலை உச்சியில் இருந்த ஒரு கேமரா, 250 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் மங்கலான சிவப்பு ஒளியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒளியில் கோடு கோடாக அலை ஓடியது. கடலில் சுனாமி வந்து சேர்வதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பாகவே வானத்தில் வந்துவிட்டது.

இதையெல்லாம் பிறகு உட்கார்ந்து ஆராய்ந்துதான் கண்டுபிடித்தார்கள். உடனுக்குடன் பார்க்க முடியுமா என்பதுதான் குப்பத்துக்காரருக்கு வேண்டிய பதில். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேப் 'கார்டியன்' என்ற அமைப்பை உருவாக்கியிருக்கிறது. உலகெங்கும் உள்ள நிலையங்களின் ஜிபிஎஸ் தரவை அப்போதைக்கப்போது வாங்கி நெளிவைத் தேடும். 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது, சுமார் 20 நிமிடத்துக்குள் அது சமிக்ஞையைப் பிடித்தது. ஹவாயைச் சுனாமி தொடுவதற்கு 30, 40 நிமிடம் முன்பே அலை வருவதை வானத்தை வைத்து உறுதி செய்தார்கள்.

ஏன் இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், நிலநடுக்கமானி போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை 2012 ஏப்ரல் 11 மத்தியானம் சென்னையே பார்த்தது. நந்தனத்தில் நான்காவது மாடி அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன், நாற்காலி நகர்ந்தது. எல்லோரும் படியில் இறங்கி ஓடினோம். 8.6 அளவு, அதுவும் அதே சுமத்ரா பக்கம். கடற்கரைக் குப்பங்களில் மூட்டை முடிச்சோடு ஜனங்கள் வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடலடி பெரிதாக மேலே எழும்பவில்லை. நிலநடுக்கமானி பூமி எவ்வளவு பலமாக அதிர்ந்தது என்று சொல்லும். தண்ணீர் எழும்பியதா என்ற கேள்விக்குத் தண்ணீரைப் பார்த்தவர்தான் சாட்சி. கடலடி அழுத்தமானி பார்க்கிறது. வானமும் பார்க்கிறது. ஒவ்வொரு வெற்று எச்சரிக்கைக்கும் ஒரு நாள் கூலியை இழந்து ஓடுகிறவர்கள் அடுத்த முறை ஓடத் தயங்குவார்கள். அதனால் சாட்சி முக்கியம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். 'நிலநடுக்கம் வருவதற்கு முன்பே அயனி மண்டலம் காட்டிக்கொடுக்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். ஜப்பான் நிலநடுக்கத்துக்கு 40 நிமிடம் முன்பே எலக்ட்ரான் கூடியது என்று மதிப்புமிக்க ஆய்வாளர் ஒருவரே எழுதியிருக்கிறார் என்பது உண்மை. தரவை வரைந்த விதத்தால் அப்படித் தோன்றுகிறது என்று மற்றவர்கள் மறுத்ததும் உண்மை. அந்த வழக்கு தீரவில்லை. நடந்து முடிந்த நிலநடுக்கத்தின் சேதியை மேலே படிப்பது வேறு சங்கதி, அதில் சந்தேகமே இல்லை.

சென்னைக்கு இதில் ஒரு வசதி உண்டு. என் கருவி தலைக்கு நேர் மேலே மட்டும் பார்ப்பதில்லை. தென்கிழக்கில் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக ஒரு செயற்கைக்கோள் இருந்தால், அதன் சிக்னல் அயனி மண்டலத்தைக் கடந்து வருவது கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வங்கக் கடலுக்கு மேலே. கரையில் நின்றபடியே நடுக்கடலின் வானத்தைப் பார்க்கலாம். கடலில் போய் எதையும் நட வேண்டாம். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் மிதவைகளையும் ஆழத்தில் அழுத்தமானிகளையும் வைத்துப் பராமரிக்கிறது. ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. இந்த மிதவைகள் ஒவ்வொன்றும் அரிய பொருள், கப்பல் எடுத்துப் போய்தான் பழுது பார்க்க முடியும். கரையில் இருக்கும் கருவிக்கு நான் பைக்கில் போய் பேட்டரி மாற்றிவிடுவேன்.

வசதியோடு ஒரு தொல்லையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இந்தக் கோட்டை ஒட்டிய வானம், சூரியன் விழுந்ததும் மேலே எழும்பி, அடியிலிருந்து உலை கொதிப்பது போலக் குமிழ் விடும். எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஏறிப்போகும். அதில் மாட்டிய சிக்னல் மினுக்கும், அறுந்தும் போகும். என் திரையில் பச்சை போனது அதனால்தான். சுனாமியின் சின்ன நெளிவை அந்தக் கொதிப்புக்குள் தேடுவது, காசிமேட்டு ஏலத்தில் ஒருவர் காதோடு சொன்னதைக் கேட்பது போல.

இவ்வளவையும் அன்று குப்பத்தில் சொல்லவில்லை. சாட்டைக் கதையை மட்டும் சொன்னேன். பெரியவர் கையில் இருந்த கயிற்றை ஒரு தடவை சுண்டிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்குக் காலை வானத்தில் அது தெரிந்திருக்கும், பார்க்கத்தான் ஆளில்லை, இப்போது உலகத்தில் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்றேன்.

"அன்னிக்குக் காலைல வந்துச்சு. சரி. ராத்திரி வந்தா?"

நான் கண்ட்ரோலரைத் திருப்பிக் காட்டினேன். 'ஃப்ளோட்' என்றுதான் இருந்தது. "இந்த மாதிரி ராத்திரின்னா, இது குழம்பும்ணே. கடலுக்கு அடியில வெச்சிருக்காங்களே, அதைத்தான் நம்பணும்."

அவர் கருவியையும் கடலையும் பார்த்தார். "அப்ப ரெண்டும் இருக்கணும்" என்றார். கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் போட்டுவிட்டு எழுந்தார். ஒன்பதே கால் வரை நாங்கள் மணலிலேயே உட்கார்ந்திருந்தோம். பச்சை வந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து அளக்க ஆரம்பித்தோம்.